புதிய ஆன்டிவைரஸ் போட்டதிலிருந்து கணினி நீலத் திரை காட்டி நின்றுபோகிறது. ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டுமா?

வேண்டாம். கடைக்காரர் "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லியிருப்பார், மனம் ஒப்பாமல் இங்கே கேட்கிறீர்கள். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். கட்டணம் 800 ரூபாய். உள்ளே இருக்கும் கோப்புகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கணக்காம்.

நான் கணினி படித்தவன் அல்ல. பி.காம். முடித்து 25 ஆண்டுகளாகக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆகவே, பொறியாளர்கள் யாராவது வந்து சொற்பிழை பிடித்தால் பிடித்துக்கொள்ளட்டும்.

என் மடிக்கணினியோடு ஒரு ஆன்டிவைரஸ் இலவசமாக வந்தது. அதன் காலம் முடிந்ததும் கடையில் இன்னொன்றை வாங்கிப் போட்டேன். காலாவதியானது என்ன செய்துவிடப் போகிறது என்று பழையதை நீக்கவில்லை. "நீக்கச் சொல்லி அறிவிப்பு வந்திருக்குமே, பார்க்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்தியிருப்பீர்கள்" என்பீர்கள். அழுத்தியிருக்கலாம். நீங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் அழுத்துகிறீர்களா?

மாதம் 20ஆம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற மாத ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். டேலி மென்பொருளில் இருந்த கணக்கைப் பிரதியெடுக்கப் பென் டிரைவைச் செருகினேன். மின்விசிறி மிக்ஸி போல இரைந்தது, சுட்டி அசையவில்லை, பிறகு நீலத் திரையில் அந்த அழுமூஞ்சி. தானாக அணைந்து எழுந்தது. செருகினால் மறுபடியும் அதே கதை. அன்று மட்டும் ஐந்து முறை.

அக்கா மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "மாமா, அடுத்த முறை வரும்போது கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்புங்கள்" என்றான். படம் எடுப்பதற்காகவே வேண்டுமென்றே பென் டிரைவைச் செருகிவிட்டுச் செல்போனோடு காத்திருந்தேன். 'சிஸ்' (.sys) என்று முடியும் ஒரு கோப்பின் பெயர் இருந்தது. தேடிப் பார்த்தால், காலாவதியான அந்தப் பழைய ஆன்டிவைரஸின் டிரைவர், அதாவது விண்டோஸுக்குள் புகுந்து வேலை செய்யும் துணை நிரல்! வாடகை தராவிட்டாலும் வீட்டைக் காலி செய்யாத குடித்தனக்காரன் மாதிரி உள்ளேயே இருந்திருக்கிறது. ஒரே கோப்பைச் சோதிக்க இரண்டும் ஒரே நேரத்தில் பாய்ந்ததில் வந்த வினை.

ஆன்டிவைரஸால் விண்டோஸ் விழாது என்று சாதிப்பவர்களுக்கு: அது கர்னல் என்கிற அடித்தளத்திலேயே டிரைவரை வைத்து வேலை செய்கிறது. அங்கே தவறு நேர்ந்தால் விண்டோஸ் முழுவதுமாகத் தன்னை நிறுத்திக்கொள்ளும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்டே மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கும் ஃபார்மட் தேவைப்படவில்லை. சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவற்றை மட்டும் கொண்டு விண்டோஸ் எழும் நிலையில், போய் ஒரு கோப்பை நீக்கியதுமே கணினிகள் எழுந்தன.

நீங்களும் சேஃப் மோடுக்குத்தான் போக வேண்டும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் மீண்டும் ரீஸ்டார்ட் செய்து, பட்டியல் வந்ததும் எண் 4ஐ அழுத்துங்கள். பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோல் பேனலில் நீக்கினால் டிரைவர் சில சமயம் தங்கிவிடும். ஆகவே, அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை முன்பே தரவிறக்கி வைத்து, சேஃப் மோடில் ஓட்டுங்கள். எனக்கு அதற்குப் பதினைந்து நிமிடம் ஆனது. எல்லா ஆன்டிவைரஸையும் நீக்கிவிட்டால் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானே விழித்துக்கொள்ளும். நான் இப்போது அதோடு நிறுத்திக்கொண்டேன்.

திரையில் பெயர் தெரியாவிட்டால், சி டிரைவில் விண்டோஸுக்குள் கணினி விழுந்த விவரங்களைச் சேமிக்கும் மினிடம்ப் என்ற கோப்புறை இருக்கும். புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச நிரல் அதைப் படித்துக் காட்டும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர் வந்தால் ஆன்டிவைரஸைத் திட்டுவதை விட்டுவிட்டு ராம் (RAM) என்கிற நினைவகத்தைச் சோதியுங்கள்.

என் கதையில் உண்மையான குற்றவாளி வேறு. மாதம் முழுவதும் பில்களை மஞ்சள் பையில் சேர்த்து வைத்து, 19ஆம் தேதி இரவு எட்டு மணிக்குக் கொண்டுவந்து மேசையில் கொட்டுகிறார்களே, அவர்கள்தான். பாதி பில்கள் வெயிலில் வெளுத்த வெப்பத்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் தொகையைப் படிக்க வேண்டும். ஐந்தாம் தேதியே தாருங்கள் என்றால் சிரிக்கிறார்கள். கணினி எழுந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. மூன்று பேருக்கு ஒரு நாள் தாமதக் கட்டணம், ஆளுக்கு 50 ரூபாய். என் பையிலிருந்தே கட்டினேன். அதில் ஒருவர் இன்றும் என்னைத் தெருவில் பார்த்தால், "சார், கம்ப்யூட்டர் நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறார். அவர் பை இந்த மாதமும் இன்னும் வந்து சேரவில்லை.