சிகரெட்டுக்கு ஒரு நற்சான்றிதழ்

கேள்வி: நிகோடின் மூளை செல்களைப் பாதுகாக்கிறது, புகைப்பவர்களுக்கு அல்சைமர் மறதி நோய் குறைவாக வருகிறது என்று வெளிநாட்டு ஆராய்ச்சிகளே சொல்லியிருக்கின்றனவாமே? நான் 30 வருடமாகப் புகைப்பவன். நீங்களும் இதை உறுதிப்படுத்தி எழுதினால், பக்கத்தைக் கிழித்து என் மனைவியிடம் காட்டுவேன்.
- ஒரு வாசகர்

பதில்: சரி, உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் கொடுத்துவிடுகிறேன்.

நினைவுக்கும் கவனத்துக்கும் மூளையில் தூது போகிற ரசாயனங்களில் முக்கியமானது அசிட்டைல்கோலின். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒரு வகைக்குப் பெயரே நிகோடினிக் ஏற்பி. நிகோடின் போய் உட்கார்ந்தாலும் வேலை செய்யும் என்பதால் வந்த பெயர். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இந்த ஏற்பிகள் குறைந்துபோகின்றன. 1990களில் ஜப்பானிய ஆய்வாளர்கள், கிண்ணத்தில் வளர்த்த எலியின் மூளை செல்கள்மேல் பீட்டா அமிலாய்டு என்ற நச்சுப் புரதத்தை விட்டுப் பார்த்தார்கள். நிகோடின் சேர்த்த கிண்ணத்தில் செத்த செல்கள் குறைவு. ஆக, நீங்கள் கேள்விப்பட்டது புரளி இல்லை.

ஆனால் உங்கள் தலைக்குள் இருப்பது கிண்ணம் இல்லையே! 2005-இல் கலிஃபோர்னியாவில், அல்சைமர் வரும்படி மரபணு மாற்றிய எலிகளுக்கு நிகோடின் கொடுத்தார்கள். அந்த நோயின் இன்னொரு வில்லனான டாவ் புரதத்தின் சேதம் அவற்றுக்கு அதிகமாகத்தான் ஆனது. இந்தச் செய்தியை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்து, 'புகைப்பவர்களுக்குக் குறைவு' என்ற கணக்கு. நோயாளிகளையும் நோய் இல்லாத முதியவர்களையும் எதிரெதிரே நிறுத்தி, யார் புகைத்தார்கள் என்று விசாரித்த பழைய ஆய்வுகள் சிலவற்றில் அப்படித்தான் வந்தது. அல்சைமர் பெரும்பாலும் 65 வயதுக்கு மேல் வருகிற நோய். மாரடைப்பிலும் நுரையீரல் புற்றுநோயிலும் அதற்கு முன்பே போய்விட்ட புகைப்பிரியர்களை அந்த வரிசையில் யார் நிறுத்துவது? சீக்கிரம் செத்தால் மறதி வராது என்பது சரிதான், அதற்குப் பெயர் பாதுகாப்பா?

ஆட்களை முன்கூட்டியே பிடித்துவைத்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தால் விடை மாறுகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 55 வயதைக் கடந்த, மறதி நோய் இல்லாத 6,870 பேரை அப்படித் தொடர்ந்தார்கள். புகைப்பவர்களுக்கு அல்சைமர் வரும் ஆபத்து, ஒருபோதும் புகைக்காதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று 1998-இல் முடிவு வந்தது.

இதில் பணமும் விளையாடியிருக்கிறது. 2010-இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 43 ஆய்வுகளை எடுத்து, எழுதியவர்களின் பின்னணியையும் சேர்த்துத் துருவினார்கள். அவற்றில் 11, புகையிலைக் கம்பெனிகளோடு ஏதோவொரு தொடர்பு உள்ளவர்கள் எழுதியவை. புகை நல்லது என்ற தொனி எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? ஆய்வின் தரத்தையும் கம்பெனித் தொடர்பையும் கணக்கில் எடுத்தபின், புகைப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றுதான் முடிந்தது.

"சரி சார், சிகரெட் வேண்டாம், நிகோடின் மட்டும்?" என்று கேட்பீர்கள். அது நியாயமான கேள்வி. அமெரிக்காவில், மறதி லேசாக எட்டிப்பார்க்கத் தொடங்கிய 74 பேருக்கு ஆறு மாதம் நிகோடின் பேட்ச்சும், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் பேட்ச்சும் ஒட்டிப் பார்த்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். நிகோடின் பேட்ச் ஒட்டியவர்களுக்குக் கவனம் கூடியது, நினைவாற்றல் சோதனைகளிலும் கொஞ்சம் முன்னேற்றம். ஆனால் ஆள் மொத்தத்தில் தேறியிருக்கிறாரா என்று மருத்துவர்கள் பார்த்தபோது சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: அந்த 74 பேரில் ஒருவர்கூடப் புகைப்பவர் இல்லை. நிகோடின் அவர்களுக்குத் தோல் வழியாக, அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் போனது. உங்களுக்கோ ஏழாயிரத்துச் சொச்சம் ரசாயனங்களோடு, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களைக் கெடுத்துக்கொண்டு போகிறது. குழாய் கெட்டால் மறதி வர அல்சைமரே தேவையில்லை.

இந்தப் பக்கத்தைக் கிழித்து உங்கள் மனைவியிடம் காட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முழுப் பக்கமாகக் கிழியுங்கள், இரண்டாவது பத்தியை மட்டும் கத்தரிக்காதீர்கள்.