சாக்கடை கலந்த தண்ணீரில் கீரை: பிளீச்சிங் பவுடர் போதுமா?

வணக்கம் ஐயா. மதுரை அவனியாபுரம் பக்கம், சாக்கடை கலந்து வரும் கிருதுமால் ஆற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கீரைக்குப் பாய்ச்சலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது போதாது. கலங்கல் நீரிலுள்ள அழுக்கே குளோரினின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மிஞ்சுவதும், மனித மலத்தோடு சாக்கடையில் வரும் குடல் உருண்டைப்புழு முட்டையின் தடித்த ஓட்டைத் துளைக்காது. அந்த முட்டைகள் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். பச்சையாக உண்ணும் பயிருக்கான நீரில் சராசரியாக லிட்டருக்கு 1 முட்டைக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-இலேயே வரையறுத்தது.

தொட்டியை இரண்டாகத் தடுத்து, ஒன்றில் நீர் ஒரு நாளாவது அசையாமல் நிற்கும்போது மற்றதிலிருந்து பாய்ச்சினால், முட்டைகளில் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். மோட்டாரின் உறிஞ்சுகுழாய் மட்டும் வண்டலைத் தொடாமல் மிதவையில் கட்டப்பட்டிருக்க வேண்டும். அப்படியும், தரையை ஒட்டி வளரும் கீரைக்கு இந்த நீர் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கீரையைக் கிணற்று நீருக்கு மாற்றிவிட்டு, இதை வாழைக்கோ தீவனப்புல்லுக்கோ திருப்புங்கள். அவனியாபுரத்திலிருந்த மாநகராட்சிக் கழிவுநீர்ப் பண்ணையிலும் வெகுகாலம் புல்தான் வளர்ந்தது. அறுத்த புல்லை வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே மாட்டுக்கு இடுங்கள். சாயப்பட்டறைக் கழிவு கலந்தால், படியவைத்தாலும் பயனில்லை.

வயலில் இறங்குவோர் அனைவருக்கும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். கொக்கிப்புழு வெறும் பாதத்தின் தோல் வழியாகவே உடலுக்குள் நுழைகிறது.