மகளுக்கு எழுதிவைத்த நிலம் மருமகன் கடனுக்குப் போகுமா?

கேள்வி: என் மனைவியின் குடும்பம் பல தலைமுறையாக அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்தது. 1828-ல் எழுதிய ஓர் உயிலின் நகல் அவர்களிடம் இருக்கிறது. தந்தை தன் மகளுக்கு நிலத்தையும், தான் அடிமைகளாக வைத்திருந்த சிலரையும் எழுதிவைக்கிறார். ஆனால் நேராக மகள் பெயருக்கு எழுதாமல் இரண்டு டிரஸ்டிகள் பெயருக்கு எழுதி, 'மகளின் தனி உபயோகத்துக்கு மட்டும், கணவனின் அதிகாரத்துக்கோ கடனுக்கோ உட்படாமல்' என்கிறார். அப்படியும் 1840-களில் கணவர் அந்த நிலத்தை விற்றுவிட்டார் என்று வீட்டில் சொல்கிறார்கள். தந்தைக்கு மகள் மேல் நம்பிக்கை இல்லையா? அந்த விற்பனை செல்லுமா? இப்போது ஏதாவது கேட்க முடியுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிலத்தைத் திரும்பக் கேட்க முடியாது. வர்ஜீனியாவில் நில மீட்பு வழக்குக்குக் கெடு 15 ஆண்டு. நூறு ஆண்டுக்கு மேல் அனுபவத்தில் இருப்பவரை இந்த உயிலைக் காட்டி எழுப்ப எந்த நீதிமன்றமும் சம்மதிக்காது. 'மீட்டுத் தருகிறேன்' என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்தத் தந்தை விஷயத்துக்கு வருவோம். அவர் சந்தேகப்பட்டது மகளை அல்ல, சட்டத்தை. இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச் சட்டப்படி, கல்யாணம் ஆனதும் மனைவிக்கென்று தனிச் சட்ட உருவம் இல்லை. அவள் கைக்கு வரும் ரொக்கம், நகை, கால்நடை, பண்டபாத்திரம் எல்லாம் அப்படியே கணவனுடையவை. நிலத்தின் உரிமை அவள் பெயரில் நிற்கும். ஆனால் அதை நிர்வகிப்பதும் குத்தகைப் பணத்தை வாங்குவதும் அவன்தான். 'என் மகளுக்கு' என்று மட்டும் எழுதியிருந்தால், தங்கமான மருமகனாக இருந்தாலும் அவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் ஜப்திக்கு வந்து நின்றிருப்பார்கள்.

இதற்கு வழி சான்சரி என்ற சமநீதி மன்றங்களில், அதாவது பொதுச் சட்டத்தின் கடுமையை நியாயம் பார்த்துத் தளர்த்தும் தனி நீதிமன்றங்களில், இருந்தது. சொத்து டிரஸ்டி பெயரில் இருக்கும், பலன் மகளுக்குப் போகும், கணவனுக்கு அதில் கை வைக்க இடமில்லை. இதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. டிரஸ்டி பெயரை எழுத மறந்திருந்தாலும் கணவனையே மனைவிக்கு டிரஸ்டியாகக் கருதி மன்றம் அவள் உரிமையைக் காப்பாற்றும்.

உங்கள் உயிலுக்கு இரண்டு ஆண்டு முன்னால், அதே வர்ஜீனியாவில் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சன் எழுதிய உயிலைப் பாருங்கள். மருமகன் தாமஸ் மான் ராண்டால்ஃப் கடனில் மூழ்கியிருந்தார். அதை வெளிப்படையாகவே குறிப்பிட்டு, மீதிச் சொத்தைத் தன் பேரனையும் இரண்டு நண்பர்களையும் டிரஸ்டிகளாக்கி, மகள் மார்த்தாவின் தனி உபயோகத்துக்கு ஜெபர்சன் எழுதிவைத்தார். மருமகன் உயிரோடு இருக்கும் வரைக்கும்தான் அந்த டிரஸ்ட். எவ்வளவு குறிபார்த்து எழுதியிருக்கிறார்! ஆனாலும் மார்த்தாவுக்கு அப்பாவின் பண்ணை வீடான மான்டிசெல்லோ நிலைக்கவில்லை. ஜெபர்சனுக்கே ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன். 1827 ஜனவரியில் அங்கிருந்த அடிமைகளும் வீட்டுச் சாமான்களும் ஏலத்துக்கு வந்தன, 1831-ல் வீடும் விலைபோனது. டிரஸ்ட் மருமகனுக்குக் கடன் கொடுத்தவர்களைத் தடுக்கும், உயில் எழுதியவருக்குக் கடன் கொடுத்தவர்களைத் தடுக்காது. ஆகவே, உங்கள் உயிலை எழுதியவர் கடன் வைத்துவிட்டுப் போனாரா என்பதையும் பாருங்கள்.

அப்புறம் அந்த விற்பனை. உயில் நீங்கள் சொல்கிறபடி இருந்தால், கணவர் தனியாக எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம் அவளைக் கட்டுப்படுத்தாது. விற்க அவருக்கு எதுவும் இல்லையே. ஆனால் இப்படிப்பட்ட குடும்பக் கதைகளை நான் அப்படியே ஏற்பதில்லை. டிரஸ்டிகளே உயில் தந்த அதிகாரத்தில் விற்றிருக்கலாம். மன்ற அனுமதியோடு விற்று வேறு நிலம் வாங்கியிருக்கலாம். பத்திரத்தில் முதலில் டிரஸ்டிகளின் கையெழுத்தைத் தேடுங்கள். மனைவியும் கையெழுத்திட்டிருந்தால் கூடவே ஒரு சான்று இருக்க வேண்டும். கணவன் இல்லாத இடத்தில் அவளைத் தனியாக விசாரித்தோம், மனமுவந்து சம்மதித்தாள் என்று நீதிபதிகள் எழுதித்தரும் சான்று அது. அந்த நாளில் மணமான பெண்ணின் நிலம் கைமாற அந்தத் தனி விசாரணை கட்டாயம். வீட்டுக்குத் திரும்பியதும் அதே கணவனோடுதான் இருக்க வேண்டும் என்ற நிலையில் எத்தனை பெண்கள் 'சம்மதமில்லை' என்று சொல்லியிருப்பார்கள் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் கேள்வி.

பத்திரப் பதிவேடுகள் அந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) சர்க்யூட் நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் கிடைக்கும். ரிச்மண்டிலுள்ள வர்ஜீனியா மாநில நூலகம் பழைய சான்சரி வழக்குகளுக்கு இணையத்தில் அட்டவணை வைத்திருக்கிறது. பல கவுண்டிகளின் கட்டுகளைப் படமாகவே பார்க்கலாம். மனைவி தனியாக வழக்குப் போட முடியாது என்பதால், 'அடுத்த நண்பர்' என்று ஓர் ஆண் மூலமாகத்தான் போட்டிருப்பாள். அதனால் அவள் பெயர், கணவர் பெயர், டிரஸ்டிகள் பெயர் எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள்.

இந்தப் பாதுகாப்பு வக்கீல் வைத்து உயில் எழுத வசதி இருந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் கிடைத்தது. சாதாரண விவசாயியின் மகளுக்கு 1839-ல் மிசிசிப்பியும் 1848-ல் நியூயார்க்கும் மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து உண்டு என்று சட்டம் போட்ட பிறகுதான் வழி பிறந்தது. வர்ஜீனியா 1877 வரை காத்திருக்க வைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த உயிலில் மகளுக்காகப் 'பாதுகாக்கப்பட்ட' சொத்தில் மனிதர்களும் இருந்தார்கள். டிரஸ்ட் அவளைக் காத்தது, அவர்களைக் காக்கவில்லை. அவர்களின் சந்ததியினர் தங்கள் முன்னோரைத் தேடும்போது, 1870-க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பாலும் பெயர் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். உங்கள் உயிலில் அந்தப் பெயர்கள் இருந்தால், அதன் நகலை மாநில நூலகத்துக்குக் கொடுக்க உங்கள் மனைவியிடம் பேசுங்கள்.