கப்பல் நிற்கும் நாளில் கரையில் சுற்றலாமா?

கேள்வி: மும்பையிலிருந்து கோவா, கொச்சி செல்லும் சொகுசுக் கப்பலில் மாமியார், இரு குழந்தைகளுடன் பயணம் செய்யவிருக்கிறோம். கரைச் சுற்றுலாவைக் கப்பலிலேயே பதிவு செய்வதா, நாங்களே வண்டி அமர்த்திக்கொள்வதா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: ஊருக்கு ஊர் விடை மாறும். கோவாவில் கப்பல் அணையும் மர்மகோவா துறைமுகத்திலிருந்து, போம் ஜீசஸ் பேராலயம் உள்ள பழைய கோவா சுமார் 30 கி.மீ. தொலைவில் இருக்கிறது. கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியாகச் சென்றவர்களுக்காக நிற்காது என்பதால், கட்டணம் சற்றுக் கூடுதலானாலும் அங்கே கப்பல் ஏற்பாடே மேல்.

கொச்சியில் அந்தக் கவலை குறைவு. கப்பல் அணையும் வெலிங்டன் தீவிலிருந்து மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும் அருகிலேயே இருப்பதால், வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு, மாமியாரின் நடைக்கேற்ப நிதானமாகச் சுற்றலாம். மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்கள் அவருக்கும், கடலோரச் சீன வலைகள் குழந்தைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அரண்மனைக்கு வெள்ளிக்கிழமையும், அதன் அருகிலுள்ள யூதர் தொழுகைக்கூடத்துக்குச் சனிக்கிழமையும் விடுமுறை. கப்பல் சேரும் கிழமையை முதலில் பாருங்கள். (பயண முகவர்கள் இதைச் சொல்வது அபூர்வம்.)

திரும்பும் நேரத்தைக் கப்பல் புறப்படும் நேரத்தை வைத்துக் கணக்கிடாமல், அனைவரும் ஏறியிருக்க வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வையுங்கள். கப்பலில் தரப்படும் பயணி அட்டையும் உங்கள் அடையாள அட்டையும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும்.