மின்சார ரயில் என்றாலே சீமென்ஸ் என்கிறோம். ஹங்கேரியரான கால்மான் கண்டோவை ஏன் முன்னோடி என்கிறார்கள்?

1879இல் பெர்லின் கண்காட்சியில் சிறிய மின்சார ரயிலை ஓட்டிக்காட்டிய பெருமை வெர்னர் வான் சீமென்ஸுக்கே உரியது. ஆனால், ஊருக்கும் ஆலைக்கும் செல்லும் அதே மின்சாரத்தில் நெடுந்தூர ரயிலும் ஓட வேண்டும் என்று உறுதியாக நின்று, அதற்கான இன்ஜினையும் வடிவமைத்தவர் கண்டோ. மின் இயந்திரங்களைப் பாடமாக நடத்துபவன் என்ற முறையில், இரண்டாவதையே பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

1869இல் பிறந்த அவர், பிரான்சில் சிறிது காலம், சுழலும் காந்தப்புலத்தால் இயங்கும் இண்டக்ஷன் மோட்டாரின் வடிவமைப்பில் ஈடுபட்ட பின், 1894இல் புடாபெஸ்டின் கான்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அவரது வடிவமைப்பில், வட இத்தாலியின் வால்டெல்லினா பகுதியில் 106 கி.மீ. பாதை 1902 முதல் 3000 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் இயங்கியது. உயர் மின்னழுத்த மாறுமின்னோட்டத்தில் இயங்கிய முதல் பெரும் ரயில் பாதை அதுதான். எனினும், தலைக்கு மேலே இரண்டு கம்பிகள் ஓட, மூன்றாவது முனையாகத் தண்டவாளமே பயன்பட்டதால், பாதைகள் பிரியும் இடங்களில் கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வது பெரும்பாடாக இருந்தது. மின்சாரமும் 15 ஹெர்ட்ஸ் என்ற தனி அதிர்வெண்ணில் ரயிலுக்கென்றே உற்பத்தி செய்யப்பட்டது.

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய நாடுகள் ஒற்றைக் கம்பிக்கு மாறினாலும், ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் அக்கால கம்யூட்டேட்டர் மோட்டார்கள் (சுழலும் பகுதிக்குச் செல்லும் மின்சாரத்தைத் திசைமாற்றித் தரும் கம்யூட்டேட்டர் என்ற பாகம் கொண்டவை) கடுமையாகப் பொறி கக்கியதால், அதிர்வெண்ணை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, ரயிலுக்கெனத் தனி மின் அமைப்பையே வைத்துக்கொண்டன. கண்டோ மின்சாரத்தை மாற்றவில்லை, இன்ஜினை மாற்றினார். ஒற்றைக் கம்பியிலிருந்து 16,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை எடுத்து, இன்ஜினுக்குள்ளேயே சுழலும் ஃபேஸ் கன்வெர்ட்டர் என்ற இயந்திரத்தின் மூலம் அதைப் பலமுனை மின்சாரமாக்கி, கம்யூட்டேட்டரே தேவைப்படாத இண்டக்ஷன் மோட்டாருக்குக் கொடுத்தார். உள்ளே வரும் உயர் மின்னழுத்தம் நேராக அந்தக் கன்வெர்ட்டரின் சுருளுக்கே சென்றதால், தனியாக ஒரு மின்மாற்றியைச் சுமக்க வேண்டிய தேவையும் இல்லை.

1923இல் புடாபெஸ்ட் அருகே சோதனை ஓட்டம் நடந்தது. பிறகு, புடாபெஸ்டிலிருந்து ஆஸ்திரிய எல்லையிலுள்ள ஹெஜெஷ்ஹாலோம் வரையிலான பாதைக்கு வி40 இன்ஜின் உருவானது. இண்டக்ஷன் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணையும் மோட்டாரின் காந்தத் துருவ எண்ணிக்கையையும் பொறுத்தது. அதிர்வெண் மாறாததால், அதிலிருந்த ஒரே பெரிய மோட்டாரின் துருவ எண்ணிக்கையை மாற்றுவதன் மூலம் மணிக்கு 25, 50, 75, 100 கி.மீ. என்ற நான்கு நிலையான வேகங்கள் கிடைத்தன. இடைப்பட்ட வேகத்தில் தொடர்ந்து ஓட்ட முடியாதது அதன் உண்மையான குறைபாடு. அந்தப் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1932இல். கண்டோ 1931 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். அதை அவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தோன்றும்.

பிற்காலத்தில் பிரான்ஸ் 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் முறையைச் செம்மைப்படுத்தியது. இந்திய ரயில்வே 1957இல் அதையே தேர்ந்தெடுத்தது. 1931இல் 1500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் தொடங்கிய சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையும் 1960களில் இதற்கு மாறியது. இன்றைய டபிள்யூஏபி-5 போன்ற இன்ஜின்கள் ஒருமுனை மின்சாரத்தை எடுத்து, உள்ளேயே மும்முனையாக்கி, இண்டக்ஷன் மோட்டார்களை இயக்குகின்றன. கண்டோ சுழலும் இயந்திரத்தால் செய்ததைக் குறைக்கடத்திகள் செய்கின்றன. அதிர்வெண்ணையும் அவற்றால் விரும்பியபடி மாற்ற முடிவதால், வி40 இன்ஜினுக்கு இருந்த வேகக் கட்டுப்பாடு இவற்றுக்கு இல்லை.