முற்றத்து மல்லி பூக்கவில்லையா?

வணக்கம் அக்கா. சென்னையை விட்டு காரைக்குடி வீட்டுக்கே வந்துவிட்டேன், பங்குனி பிறந்தும் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், தொட்டியில் வைத்த குண்டுமல்லி பூக்கவில்லை, பொழுதும் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

மல்லிக்கு நல்ல வெயில் வேண்டும். நம் வளவுகளில் சுற்றிலும் தாழ்வாரம், உயர்ந்த சுவர். உச்சிப்பொழுதில்தான் வெயில் இறங்கும். இலை கரும்பச்சையாகச் செழித்தும் மொட்டு இல்லையென்றால் பெரும்பாலும் நிழல்தான் காரணம். தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றுங்கள். இப்போது நுனியை மட்டும் லேசாகக் கிள்ளிவிடுங்கள், புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். பெரிய கவாத்து நவம்பர் கடைசியில். தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டினால் போதும்.

அப்புறம், பொழுது. வேம்பு பூக்கிற நேரம் இது. கொல்லையில் மரம் இருந்தால், இரவே அதன் அடியில் பழைய வேட்டியை விரித்துவையுங்கள். விடிந்து பார்த்தால் பூ கொட்டிக் கிடக்கும். காம்பு, தூசி ஆய்ந்து நிழலில் உலர்த்தி, நெய்யில் சிவக்க வறுத்து, ரசத்தை இறக்கும்போது மேலே போடுங்கள். அந்த மணமே தனி. இந்த மாதத்தில் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை.

திங்கட்கிழமை சந்தைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், மாவடு கண்ணில் பட்டால் விடாதீர்கள்.