அக்டோபரில் தென் அப்பலாச்சியன் மலைகளில் மூன்று நாள் பேக்பேக்கிங்: எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: அக்டோபர் இரண்டாம் வாரம், வெள்ளி முதல் ஞாயிறு வரை. அட்லாண்டாவிலிருந்து இரண்டு பேர் கிளம்புகிறீர்கள். அதில் ஒருவர் இதுவரை டென்ட்டில் படுத்ததே இல்லை. கிரேட் ஸ்மோக்கி தேசியப் பூங்காவில் நாற்பது மைல் நடக்க வேண்டும், இலைகள் நிறம் மாறுவதையும் பார்த்துவிட வேண்டும்.

நாற்பதைப் பத்து, பன்னிரண்டாக்கிக் கொள்ளுங்கள். உங்களால் நடக்க முடியாது என்று சொல்லவில்லை. வெளிச்சம் போதாது. அக்டோபர் நடுவில் வட கரோலைனாவின் ஆஷ்வில் நகரப் பக்கம் சூரியன் உதிக்கக் காலை ஏழரை தாண்டிவிடும், மாலை ஏழுக்கெல்லாம் மறைந்துவிடும். மரங்களுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். ஒரு நாளில் பன்னிரண்டரை மணி நேரம் இரவு என்றால், இரண்டு இரவுக்கு இருபத்தைந்து மணி நேரம். எல்லோரும் பகலைத்தான் உட்கார்ந்து திட்டமிடுகிறார்கள். எந்தச் சிகரம், எத்தனை மைல், எங்கே போட்டோ. இந்தப் பருவத்தில் நீங்கள் அதிக நேரம் செய்யப்போவது இருட்டில், குளிரில் உட்கார்ந்திருப்பதும் படுத்திருப்பதும்தான். இரவை முதலில் திட்டமிடுங்கள். மீதியை அதற்குள் பொருத்திக்கொள்ளலாம்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. சார்லட்டுக்குக் குடிவந்த முதல் அக்டோபரில் நானும் நண்பர் ஒருவரும் ஆஷ்வில் பக்கத்திலுள்ள பிளாக் பால்சம் மலைக்குப் போனோம். காரில் ஏசி போட்டுக்கொண்டுதான் மலை ஏறினோம், அவ்வளவு வெயில். கோடைக்கு வாங்கிய ஸ்லீப்பிங் பேக். நட்சத்திரம் நன்றாகத் தெரியும் என்று முகட்டின் உச்சியிலேயே டென்ட் அடித்தோம். பதினொரு மணிக்குக் காற்று ஆரம்பித்தது. கொண்டுபோன துணி அத்தனையையும், மழைக்கோட்டு உட்பட, போட்டுக்கொண்டு படுத்தும் நடுக்கம் நிற்கவில்லை. நண்பர் மணி என்ன என்று கேட்டார், இரண்டு என்றேன். ஒரு யுகம் கழித்து மறுபடி கேட்டார். இரண்டு மணி ஆறு நிமிடம். காலையில் தண்ணீர் பாட்டிலின் வாயில் பனிக்கட்டி அடைத்திருந்தது.

கணக்கு எளிது, அன்று போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. ஆஷ்வில் நகரம் ஏறக்குறைய 2,100 அடியில் இருக்கிறது. பிளாக் பால்சம் 6,214 அடி. ஆயிரம் அடி ஏற ஏறச் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குறையும். ஆஷ்வில்லில் விடியற்காலை 8 டிகிரி என்று போன் காட்டினால் மேலே பூஜ்யம். காற்றையும் சேர்த்தால் உடம்புக்கு அதற்கும் கீழே. ஆகவே நகரத்து வானிலையைப் பார்த்துப் பை கட்டாதீர்கள்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதன் மேல் எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் ‘இதற்குக் கீழே தாங்காது’ என்ற எல்லைதான், ‘சுகமாகத் தூங்கலாம்’ என்ற அளவு அல்ல. 20 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 7 செல்சியஸ் பை இருந்தால் அக்டோபருக்குச் சரி. அதைவிட முக்கியம் அடியில் போடும் பாய். தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், முதுகுக்குக் கீழே அழுந்திப்போன பஞ்சு எதற்கும் உதவாது. பாயின் ஆர்-மதிப்பு (சூடு தரைக்குப் போகாமல் தடுக்கும் திறனின் அளவு) 4-க்குக் குறையாமல் பாருங்கள். புதியவருக்கு நல்ல பையைக் கொடுத்துவிட்டு நீங்கள் சுமாரானதை வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு இரவு நடுங்கினால் இனிமேல் உங்களோடு எங்கும் வரமாட்டார். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி உலர்ந்த உடையும் கம்பளிச் சாக்ஸும் தனியாக இருக்கட்டும், நடக்கும்போது அவற்றைத் தொடவே கூடாது. பருத்தி வேண்டாம், வேர்வையில் நனைந்தால் காயாது.

டென்ட் அடிக்கும் இடமும் இதில் சேர்ந்தது. மொட்டை முகட்டில் காற்று வாங்கும். கணவாயின் அடிப்பள்ளத்தில் குளிர்காற்று இறங்கித் தேங்கும். இரண்டுக்கும் நடுவே, சரிவில் மரங்கள் மறைக்கும் சமதளம்தான் நல்ல இடம். அதைத் தேட வெளிச்சம் வேண்டும். ஐந்தரைக்குள் டென்ட் நின்றிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் நாற்பது மைல் ஏன் ஆகாது என்பது புரிந்துவிடும்.

இனி எங்கே போவது. ஸ்மோக்கியை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பேன். ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் வருகைகள் பதிவாகும் பூங்கா அது, அக்டோபர் சனிக்கிழமை கார் நிறுத்த இடம் கிடைப்பதே பாடு. உள்ளே இரவு தங்கப் பெர்மிட் வேண்டும், ஆளுக்கு ஓர் இரவுக்கு 8 டாலர். குறிப்பிட்ட இடங்களில், முன்பதிவு செய்த இரவில் மட்டும்தான் தங்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் 2023 முதல் காருக்குப் பார்க்கிங் சீட்டு உண்டு. முதல்முறை வருபவருக்குக் கால் வலித்தால் பாதியில் நின்றுவிட அங்கே வழியில்லை, பதிவு செய்த இடம் வரை போயே ஆகவேண்டும். என் தயக்கம் அதுதான். (அங்குள்ள உயரமான சிகரம் பழைய வரைபடங்களில் கிளிங்மன்ஸ் டோம் என்று இருக்கும். 2024-இல் செரோக்கி மக்களின் பழைய பெயரான குவோஹி என்பதையே திரும்ப வைத்துவிட்டார்கள்.)

என் பரிந்துரை, வட கரோலைனாவில் பிஸ்கா தேசிய வனத்துக்குள் இருக்கும் பிளாக் பால்சம் – ஷைனிங் ராக் பகுதி. என்னை நடுங்க வைத்த அதே இடம்தான், அதற்குப் பிறகு நாலைந்து முறை போய்விட்டேன். புளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலையில் 420-ஆவது மைல்கல் பக்கம் திரும்பினால் வண்டி நிறுத்துமிடமே 5,800 அடி உயரத்தில் இருக்கும். ஏறும் வேலையைக் கார் செய்துவிடுகிறது. பெர்மிட் கிடையாது, கட்டணமும் கிடையாது. மரமில்லாத புல்லும் புதருமான மொட்டை மலைகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுக்கடுக்காக நீலம். இந்த மொட்டை இயற்கையாக வந்தது இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக் கம்பெனிகள் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக்காட்டை வெட்டித் தள்ளின. எஞ்சிக் கிடந்த காய்ந்த கழிவில் 1925-இல் ஒரு பெருந்தீ, 1942-இல் இன்னொன்று. மண்ணே எரிந்துபோனதால் காடு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. நீங்கள் நடக்கப்போகும் ஐவெஸ்டர் கேப் டிரெயிலும் பழைய மரத் தொழில் காலத்து வழிதான், அதனால்தான் அவ்வளவு சமமாக இருக்கிறது.

டென்னசி எல்லையில் ரோன் மலைத்தொடர் இன்னொரு நல்ல இடம். கார்வர்ஸ் கேப் கணவாயில் தொடங்கி அப்பலாச்சியன் டிரெயில் என்ற நெடும் நடைபாதையில் ஹம்ப் மலை தாண்டி இறங்கினால் பதினாலு மைல் போல வரும். அழகில் ஒருபடி மேல் என்றே சொல்வேன். ஆனால் ஒருவழிப் பாதை, மறுமுனையில் இன்னொரு கார் வேண்டும். அடுத்த வருடம் பாருங்கள்.

இலை நிறத்துக்கு நாள் பார்க்காதீர்கள், உயரம் பாருங்கள். நிறம் உச்சியில் தொடங்கி மலையிறங்கி வரும். 5,000 அடிக்கு மேலே அக்டோபர் முதல் பாதியில் உச்சம், பள்ளத்தாக்கில் மாதக் கடைசி, நவம்பர் தொடக்கம் வரைகூட. மரவகைகள் அதிகம் என்பதால் ஒன்று உதிர்க்கும்போது இன்னொன்று சிவக்கும். பிளாக் பால்சத்தில் புளூபெர்ரிப் புதர்கள் எல்லாவற்றுக்கும் முன்பே சிவந்துவிடும், உங்கள் வாரத்தில் அவை முடியும் தறுவாயில் இருக்கலாம். அங்கிருந்து கீழே பார்த்தால் நடுச்சரிவில் மேப்பிளும் பிர்ச்சும் நிற்கும். ஓக் கடைசியில்தான் வரும்.

கரடி. இங்கே கருங்கரடி மட்டும்தான். இலையுதிர் காலத்தில் குளிருக்குக் கொழுப்பு சேர்க்க நாளெல்லாம் தின்றுகொண்டே இருக்கும். பிளாக் பால்சம், ஷைனிங் ராக் பகுதிகளில் இரவு தங்குபவர்கள் சாப்பாட்டைக் கெட்டியான கரடி டப்பாவில் வைப்பது கட்டாயம், மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் போதாது. டப்பா கனமானது. கடைகளில் வாடகைக்கும் கிடைக்கும். பற்பசை, லிப் பாம், சாப்பிட்ட பாக்கெட் எல்லாமே அதற்குள் போக வேண்டும். டென்ட்டிலிருந்து நூறடிக்கு மேல் தள்ளி வையுங்கள்.

நம் சாப்பாடு இதற்கு வசதி. வீட்டிலேயே ரவையை வறுத்துத் தாளித்து, காய்ந்ததும் ஜிப் பையில் போட்டுக்கொண்டால் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடத்தில் உப்புமா. இட்லிப் பொடி, சத்துமாவு உருண்டை, கடலை மிட்டாய் எல்லாம் இறுக அடுக்கலாம். பொரி மட்டும் கொண்டுபோகாதீர்கள், டப்பா முழுக்கக் காற்றுதான் இருக்கும். ஷைனிங் ராக் காட்டுப் பகுதிக்குள் நெருப்பு மூட்டத் தடை, எனவே கேஸ் ஸ்டவ்தான். கேஸ் டின் குளிரில் மந்தமாகும், காலையில் பற்றவைக்கும் முன் ஐந்து நிமிடம் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிகட்டும் ஃபில்டரையும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஈரம் உறைந்தால் அதன் நுண்குழாய்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

வழியில் ஊற்றுகள் உண்டு, ஆனால் அக்டோபரில் மழை குறைவு, முகட்டு ஊற்றுகள் வற்றிக் கிடக்கும். ஆளுக்கு மூன்று லிட்டரோடு கிளம்புங்கள். வேட்டைப் பருவமும் இதுதான், தேசிய வனத்தில் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொள்வது நல்லது. ஷைனிங் ராக்கில் பாதைக் குறிகள் கிடையாது, அப்பலாச்சியன் டிரெயிலில் மரத்துக்கு மரம் இருக்கும் வெள்ளைக் கோடுகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். காகித வரைபடம் ஒன்றும், போனில் இறக்கி வைத்த வரைபடம் ஒன்றும் இருக்கட்டும். கிளம்பும் முன் பார்க்வே திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2024 செப்டம்பர் 27 ஹெலீன் புயலில் இந்தப் பக்கத்துச் சாலைகளும் பாதைகளும் பல இடங்களில் அடித்துக்கொண்டு போயின, டென்னசி எல்லையில் ஐ-40 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியே ஆற்றோடு போனது. பழுதுபார்ப்புக்கென்று எந்தப் பகுதியை எப்போது மூடுவார்கள் என்று சொல்ல முடியாது.

நாட்கணக்கு இப்படி. வெள்ளி காலை பத்துக்குள் கிளம்புங்கள், இரண்டு மணிக்கு அங்கே இருப்பீர்கள். ஐவெஸ்டர் கேப் டிரெயிலில் இரண்டு மைல் நடந்து, மரநிழலில் டென்ட். சனிக்கிழமை டென்ட்டை அங்கேயே விட்டுவிட்டுச் சின்னப் பையோடு ஷைனிங் ராக் போய்வாருங்கள், வெள்ளைப் படிகப் பாறை, மதியம் அதன் மேல் சாப்பிடலாம். புதியவருக்குக் கால் பிடித்துக்கொண்டால் நடுவிலேயே திரும்பலாம், எதுவும் கெட்டுப்போகாது. ஞாயிறு காலை திரும்பும்போது கீழ்ப்பாதையில் வராமல், ஆர்ட் லோப் டிரெயில் வழியாக டெனன்ட் மலை, பிளாக் பால்சம் இரண்டின் உச்சியையும் தாண்டி வாருங்கள். அந்த நேரத்தில் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் பால் பொங்கியதுபோல் நிற்கும் வாய்ப்பு அதிகம்.

இரவு ஏழு முதல் பத்து வரை என்ன செய்வது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நெருப்பு இல்லை, சிக்னல் இல்லை. நாங்கள் இப்போது ஹெட்லேம்ப்புக்கு உபரி பேட்டரியும், ஒரு சீட்டுக்கட்டும், இரண்டு தடவைக்கு வேண்டிய சுக்குக் காப்பிப் பொடியும் எடுத்துக்கொண்டு போகிறோம்.